எக்செல் கோப்பில் வரும் அடையாள எண்கள்: பொருந்தாததைவிடத் தவறாகப் பொருந்துவதற்கே அஞ்சுங்கள்

வாடிக்கையாளர்களின் அடையாள எண்கள் அடங்கிய எக்செல் கோப்பு ஒன்று, “உங்கள் தரவுத்தளத்தில் பெரும்பாலானவர்களைக் காணவில்லை” என்ற புகாரோடு இந்த வாரமும் வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தால், அதிலிருந்த பதினாறு இலக்க எண்கள் அனைத்தும் பூச்சியத்தில் முடிந்தன. இது தற்செயலாக நடக்கக்கூடியதா என்று, அனுப்புவதற்கு முன் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. தரவுத்தளப் பணியில் இருப்பவர்களுக்கு அலுத்துப்போன செய்திதான் என்றாலும், கோப்பைத் தயாரிப்பவர்களை அது இன்னும் எட்டவில்லை.

உரை என்று முன்கூட்டியே குறிக்காவிட்டால், இலக்கங்கள் மட்டுமே உள்ள எதையும் எக்செல் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். எண்ணில் 15 இலக்கங்களை மட்டும் காத்து, அதற்குப் பின் வருபவற்றைப் பூச்சியமாக்கிவிடும். முன்னால் நிற்கும் பூச்சியங்களுக்கு மதிப்பில்லை என்பதால் 00457 வெறும் 457 ஆகும். மனித மரபணுக்கள் சிலவற்றின் குறியீடுகள் மாதப் பெயர்போல இருந்ததால் இவ்வாறே தேதிகளாக மாறிக்கொண்டிருந்தன; மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020-இல் ‘செப்ட்1’ என்பதை ‘செப்டின்1’ என்றும், ‘மார்ச்1’ என்பதை ‘மார்ச்எஃப்1’ என்றும் மாற்ற வேண்டியதாயிற்று.

இதைச் சுட்டிக்காட்டினால் வரும் மறுமொழிதான் என் பொறுமையைச் சோதிக்கிறது: “செல்லின் ஃபார்மட்டை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டேன், இப்போது சரியாகிவிட்டது.” ஆகவில்லை. ஃபார்மட் என்பது உள்ளிருக்கும் மதிப்பைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பதற்கான ஏற்பாடே தவிர, இழந்த இலக்கத்தை மீட்டுத் தரும் மருந்தன்று. பதினாறாவது இலக்கம், எண் செல்லுக்குள் நுழைந்த கணத்திலேயே போய்விட்டது. அதன் பிறகு எந்த ஃபார்மட்டைக் கொடுத்தாலும் அந்தப் பூச்சியம்தான் தெரியும். ஐந்து இலக்கங்களாகக் காட்டும்படி ஃபார்மட்டை அமைத்து 00457 என்று வரவழைத்தாலும், செல்லுக்குள் இருப்பது 457-தான். தரவுத்தளத்தில் ஏற்றும் நிரல் பெரும்பாலும் அதைத்தான் படிக்கும். சி.எஸ்.வி. கோப்பாக, அதாவது காற்புள்ளிகளால் பிரித்த வெறும் உரைக் கோப்பாகச் சேமிக்கும்போதோ நிலைமை தலைகீழ்: அங்கே திரையில் தெரியும் வடிவமே எழுதப்படுகிறது. ஆகவே பன்னிரண்டு இலக்க எண் ஒன்று அடுக்குக்குறி வடிவில் (1.23E+11 போல) சுருங்கித் தெரிந்தால், சுருங்கிய வடிவமே கோப்பில் பதிந்து, எஞ்சிய இலக்கங்கள் அழிந்துபோகும். “சும்மா திறந்து பார்த்துச் சேமித்தேன், எதையும் தொடவில்லை” என்பவர்கள் இதை இன்னொரு முறை படிக்கவும்.

தரவுத்தளத்தில் எதனோடும் பொருந்தாத எண்ணால் பெரிய கேடு இல்லை. அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும் பதினாறு இலக்க எண்கள் பத்தும் எக்செல்லில் ஒரே எண்ணாகிவிடுகின்றன என்பதையும், பூச்சியத்தில் முடியும் அந்த எண் தரவுத்தளத்தில் வேறொருவருக்கு உரியதாக இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அப்போது பிழைச்செய்தி எதுவும் வராது. ஒருவருடைய விவரம் அமைதியாக இன்னொருவருடைய பதிவில் ஏறிவிடும். ஓர் அட்டவணையில் எண்ணைத் தேடி அதன் விவரத்தை எடுத்துத் தரும் எக்செல் சார்பான வி-லுக்அப்பில், துல்லியமான பொருத்தம் வேண்டுமா என்று சொல்லும் நான்காவது மதிப்பைக் கொடுக்காமல் விட்டாலும் இதே கதிதான்: அது தோராயமான பொருத்தத்தை ஏற்றுக்கொண்டு, தேடிய எண் இல்லாதபோது அதைவிடச் சிறிய வேறோர் எண்ணின் விவரத்தைத் தந்துவிடும். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளில் உரை நெடுவரிசையை எண்ணோடு ஒப்பிட்டால் உரை எண்ணாக மாற்றப்படுவதால், 457, 00457 இரண்டும் ஒன்றாகிவிடும். 457-க்குப் பின் எழுத்துகள் ஒட்டியிருக்கும் குறியீடும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் தனித் தொல்லை. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த எண்ணோடு ஒட்டிவரும் 160 என்ற குறியீட்டு எண் கொண்ட இடைவெளியை, இடைவெளிகளை அகற்றும் எக்செல்லின் ட்ரிம் சார்பு நீக்காது. எண் பொருந்தவில்லை, பெயரை வைத்துப் பொருத்திவிடலாம் என்று கிளம்புபவர்களுக்கும் ஒரு சொல்: தமிழில் ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என்னும் இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்க முடியும், திரையில் வேறுபாடே தெரியாது. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கத்தால் இதைச் சரிசெய்யலாம். ஔகாரத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் தட்டச்சு செய்திருந்தால் அதுவும் கைகொடுக்காது.

கோப்பை ஏற்றுபவர்கள், அதை நேரே முதன்மை அட்டவணையில் கொட்டாதீர்கள். எல்லா நெடுவரிசைகளும் உரையாகவே இருக்கும் தற்காலிக அட்டவணையில் முதலில் ஏற்றுங்கள். அடையாள எண்களின் நீளத்தை வகைபிரித்து எண்ணிப் பாருங்கள். பத்து இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதும் எட்டும் தலைகாட்டினால் முன்பூச்சியம் போயிருக்கிறது என்று பொருள். அகலம் நிலையானது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே பூச்சியத்தைத் திரும்பச் சேருங்கள். பதினாறாவது இலக்கத்தை ஊகிக்கவே ஊகிக்காதீர்கள். கோப்பு, தரவுத்தளம் இரண்டிலும் இரட்டைப் பதிவுகளைத் தேடுங்கள். இல்லையேல் இரண்டையும் இணைக்கும்போது வரிசைகள் பெருகிவிடும். பொருந்தாதவற்றை, ‘பட்டியலில் இல்லாதவை’ என்று பொருள்படும் ‘நாட் இன்’ கட்டளை கொண்டு தேடுபவர்கள், உள்பட்டியலில் மதிப்பே இல்லாததைக் குறிக்கும் ‘நல்’ ஒரே ஒன்று இருந்தாலும் விடை வெறுமையாக வரும் என்பதை மறவாதீர்கள். அந்த வெறுமையைக் கண்டு எல்லாம் பொருந்திவிட்டதாக மகிழ்ந்தவர்களை நான் அறிவேன்.

அனுப்புபவர்களிடம் கேட்பது இன்னும் எளிது. மூல மென்பொருள் தந்த சி.எஸ்.வி. கோப்பை எக்செல்லில் திறக்காமல் அப்படியே அனுப்புங்கள். பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒரு நகலைத் திறந்து பாருங்கள், அல்லது நோட்பேடில் திறவுங்கள். எக்செல்லில்தான் வேலை செய்தாக வேண்டுமென்றால், தரவு இறக்குமதி வழியாகச் சென்று அடையாள எண் நெடுவரிசையை உரை என்று முன்கூட்டியே குறித்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் 365 எக்செல்லில் 2023 முதல் இந்தத் தானியங்கி மாற்றங்களை நிறுத்திவைக்கும் வசதியும் அமைப்புகளில் இருக்கிறது. எண்கள் ஏற்கெனவே பூச்சியத்தில் முடிந்துகொண்டிருந்தால், தயவுசெய்து அந்தக் கோப்பைத் திருத்தி அனுப்ப முயலாதீர்கள். மூலத்திலிருந்து புதிதாக எடுத்து அனுப்புங்கள்.