இரும்புச் சட்டைக்குள் வெயில்காலம்

டெக்சாஸ் மாநிலத்தின் வாக்ஸஹாச்சி நகரில் ஆண்டுதோறும் ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஸ்கார்பரோ ரெனைசான்ஸ் திருவிழா நடக்கிறது. எட்டாம் ஹென்றி காலத்து இங்கிலாந்துக் கிராமம் ஒன்றை மரமும் துணியும் கொண்டு எழுப்பிவைத்து, வார இறுதிகளில் அதற்குள் மக்கள் திரள்வார்கள். 1963-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய பழக்கம் இது. இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்படிப்பட்ட விழாக்கள் உண்டு. மே கடைசியில் அந்தப் பக்கத்து வெயில் 30 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த வெயிலில் தலை முதல் கால்வரை எஃகுக் கவசம் பூண்டு ஒருவர் கணகணவென்று நடந்து வருவார். குழந்தைகள் படம் எடுத்துக்கொள்ள ஓடுவார்கள். பெரியவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: உள்ளே வெந்து போகாதா?

வேகும். ஆனால் பலரும் நினைப்பதுபோல வெயிலில் காய்ந்த இரும்பு சுடுவது முதல் காரணம் அல்ல. அடுப்பு உள்ளே இருக்கிறது. அது அந்த மனிதரின் உடம்பு.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள்கூட ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறார். சமதரையில் சாதாரணமாக நடந்தால் அது 300 வாட் அளவுக்குப் போகும். தசைகள் எரிக்கும் ஆற்றலில் பெரும்பங்கு வேலையாக அல்ல, வெப்பமாகவே முடிகிறது. இதில் கவசத்தை ஏற்றினால் என்ன ஆகும்? லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் அஸ்க்யூவும் சக ஆய்வாளர்களும் இதை அளந்து 2011-ல் வெளியிட்டார்கள். லீட்ஸில் உள்ள ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் கவசச் சண்டை நடித்துக்காட்டிப் பழகிய நான்கு பேருக்குப் பதினைந்தாம் நூற்றாண்டுக் கவசங்களின் நகல்களை அணிவித்து, டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டு, அவர்கள் எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். நடக்கத் தேவைப்பட்ட ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேலே போனது.

வெறும் எடைதான் காரணம் என்றால் அதே எடையை முதுகுப் பையில் சுமந்தாலும் அதே செலவு ஆக வேண்டும். ஆகவில்லை, குறைவாகத்தான் ஆனது. கவசத்தில் ஏழெட்டு கிலோ கால்களிலேயே கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் அதை முன்னே வீசி, நிறுத்தி, மறுபடி வீச வேண்டும். மார்புக்கவசமும் முதுகுக்கவசமும் நெஞ்சுக்கூட்டை விரிய விடாததால் ஆழ்ந்த மூச்சு எடுக்க முடியாது. மேலோட்டமாகவும் வேகவேகமாகவும் மூச்சு வாங்குகிறது, அதற்கும் தசை உழைக்கிறது.

ஆக, கவச வீரர் நிதானமாக நடந்தாலே 600 வாட் அளவில் வெப்பம் உண்டாகிறது. 70 கிலோ உடம்பை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 245 கிலோஜூல் போதும். 600 வாட்டில் துளியும் வெளியேற வழியில்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஏழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறுகிறது. 37-ல் தொடங்கி 40-ஐத் தொட இருபது நிமிடம் போதும். நிஜத்தில் அவ்வளவு வேகமாக ஏறாது, ஏனென்றால் கொஞ்சமாவது வெப்பம் வெளியேறுகிறது. எந்த வழியாக, எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையை நெருங்கிவிட்டால் உடம்புக்கு மிஞ்சுவது வியர்வை ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 600 வாட்டைச் சமாளிக்க மணிக்கு 900 மில்லிலிட்டர் ஆவியானால் போதும். கடுமையாக உழைக்கும் உடம்பு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே வியர்க்கக்கூடியது. அதாவது வியர்வைக்குப் பஞ்சமில்லை. அது ஆவியாக இடமில்லை என்பதுதான் சங்கடம். மண்பானை வெளிப்பக்கம் கசிந்து காய்வதால்தான் உள்ளே தண்ணீர் சில்லிடுகிறது. அதே பானைக்கு மேலே பெயின்ட் அடித்து வைத்தால் அது வெறும் பானை. சொட்டிக் கீழே விழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை, உடம்பின் தண்ணீரையும் உப்பையும் மட்டும் கொண்டுபோகிறது.

கவசத்தில் அந்தப் பெயின்ட் வேலையைச் செய்வது எஃகு மட்டுமல்ல. எஃகுக்கு அடியில் கேம்பசன் என்ற மெத்தைச் சட்டை இருக்கிறது. லினன் துணியைப் பல அடுக்காக வைத்தோ, இரண்டு துணிக்கு நடுவே பஞ்சையோ கம்பளியையோ திணித்தோ, வரிவரியாகத் தையல் போட்டது. அடி விழுந்தால் அதிர்ச்சியைத் தாங்குவது இதுதான். இது இல்லாமல் எஃகை மட்டும் போட்டுக்கொண்டால் எலும்பு தெறிக்கும். அதைத் தொட்டுப் பார்த்தால் குளிர்நாட்டு ரஜாய் என்ற பஞ்சடைத்த போர்வையைச் சட்டையாகத் தைத்தது போலத்தான் இருக்கும், அவ்வளவு திண்ணம். அரை மணி நேரம் போட்டிருந்து கழற்றியதைப் பிழிந்தால் தண்ணீர் வரும். அந்தத் துணியின் இழைகளுக்கு நடுவே சிறைபட்ட காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. தோலை விட்டுக் கிளம்பும் நீராவி அந்தக் காற்றை விரைவிலேயே ஈரத்தால் நிரப்பிவிடும். அதற்குமேல் எஃகுத் தகடு. ஆவி போக இடுக்குகள் மட்டுமே மிச்சம்: அக்குள், கழுத்து, இடுப்பு, தொடையின் பின்புறம். நடக்கும்போது கவசம் அசைந்து இந்த இடுக்குகள் வழியே கொஞ்சம் காற்று உள்ளே வெளியே போய்வரும். நின்றால் அதுவும் இல்லை. வியர்வை சட்டையில் ஊறி, தோலுக்கு எட்டத் தள்ளி ஆவியானால், அதற்கு வேண்டிய வெப்பத்தில் ஒரு பங்கு துணியிலிருந்தும் சுற்றுக்காற்றிலிருந்தும் வருகிறது; உடம்புக்குக் கிடைக்கும் குளிர்ச்சி அந்த அளவுக்குக் குறைகிறது. வளையங்களைக் கோத்துச் செய்த சங்கிலிக் கவசம் இந்த விஷயத்தில் தகட்டுக் கவசத்தைவிட மேல், ஓட்டைகள் வழியே காற்று போகும். ஆனால் அதற்கடியிலும் கேம்பசன் உண்டு.

வெளிக்காற்றின் ஈரம் இங்கே நுழைகிறது. 35 டிகிரியில் நனைந்த தோலின் மேல் நீராவி அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல். அரிசோனாவின் வறண்ட காற்றில், 35 டிகிரியும் 15 சதவீத ஈரப்பதமும் இருந்தால், காற்றின் நீராவி அழுத்தம் 0.8 கிலோபாஸ்கல்தான். வித்தியாசம் பெரிது, வியர்வை பறக்கும். கடற்கரைப் பக்கத்து ஊரில் 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால் காற்றில் ஏற்கெனவே 3.4 கிலோபாஸ்கல் இருக்கிறது. தெர்மாமீட்டர் ஐந்து டிகிரி குறைவாகக் காட்டினாலும் வியர்வை போவதற்கு உள்ள உந்துதல் பாதிகூட இல்லை. சென்னையில் ஒரு கோடையைக் கழித்தவருக்குப் புழுக்கம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கவசம் போட்டவர் எந்த ஊரில் இருந்தாலும் அந்தப் புழுக்கத்தைச் சட்டைக்குள்ளேயே சுமந்து திரிகிறார்.

இனி வெயிலில் காயும் எஃகுக்கு வருவோம். அது முழுப் பொய் இல்லை. கண்ணாடிபோல் பளபளக்கும் கவசம் வெயிலைத் திருப்பி அடித்துவிடும் என்று தோன்றும். ஓரளவு அடிக்கும், ஆனால் கணிசமான பங்கை உறிஞ்சவும் செய்யும். உறிஞ்சியதை அகச்சிவப்புக் கதிராக வெளியே தள்ளுவதில்தான் மெருகிட்ட உலோகம் படுமோசம். கரும்பரப்பு ஒன்று வெளியிடுவதில் பத்தில் ஒரு பங்குகூடச் சிரமப்பட்டுத்தான் வெளியிடும். வாங்குவது தாராளம், கொடுப்பது கஞ்சம். அதனால் காற்றே இல்லாத மதியத்தில் அது சூடேறிக்கொண்டே போகும், தொட்ட கை சுடும். வெள்ளைத் துணியோ வெயிலையும் நன்றாகத் திருப்பும், தன் சூட்டையும் நன்றாக வெளிவிடும். கவசத்துக்கு மேலே போடும் சர்கோட் என்ற தளர்ந்த மேலங்கி பன்னிரண்டாம் நூற்றாண்டில் பரவியதற்குச் சிலுவைப்போர்களின் வெயிலே காரணம் என்று ஒரு விளக்கம் உண்டு. வரலாற்றாசிரியர்களுக்குள் அதில் வாதம் இருக்கிறது, இயற்பியலில் இல்லை. அந்த அங்கியை நனைத்துப் போட்டால் இன்னும் நல்லது. தகடு குளிர்ந்தால், உள்ளே சேர்ந்த நீராவி அதன் உட்புறத்தில் நீர்த்துளியாகப் படிந்து, உடம்பின் வெப்பத்தைத் தகட்டிடம் ஒப்படைக்கும். துருப்பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

உள்ளடுப்பின் பலத்துக்கு வரலாற்றில் எனக்குப் பிடித்த சாட்சி பாலைவனத்தில் இல்லை, வட இங்கிலாந்தில் இருக்கிறது. 1461 மார்ச் 28. மறுநாள் டௌடன் போர் பனிப்பொழிவில் நடக்கப்போகிறது, அப்படிப்பட்ட குளிர்காலம். அதற்கு முந்தைய மோதலில் கிளிஃபர்ட் பிரபு கழுத்துக்கவசத்தைக் கழற்றினார். தொண்டையில் அம்பு பாய்ந்து செத்தார். சூட்டாலோ வலியாலோ கழற்றினார் என்று பதினாறாம் நூற்றாண்டு வரலாற்றுப் பதிவாளர் எட்வர்ட் ஹால் எழுதிவைத்தார். வெயில் கொன்ற கதை வேண்டுமானால் 1187 ஜூலையில் ஹட்டீன் இருக்கிறது. சிலுவைப்போர்க்காரர்களின் ஜெருசலேம் அரசன் கீ தன் படையை நீர்வளம் உள்ள சஃபூரியாவிலிருந்து திபேரியாவை நோக்கி வறண்ட மேட்டில் நடத்திச் சென்றான். இரவைத் தண்ணீர் இல்லாமல் கழித்தார்கள். எதிரே வந்த சுல்தான் சலாவுதீனின் ஆட்கள் காய்ந்த புல்லுக்குத் தீவைத்துப் புகையையும் சேர்த்தார்கள். மறுநாளே படை அழிந்தது. வியர்வைக்கான மூலப்பொருளையே எதிரியிடமிருந்து பறித்துவிட்டான் சலாவுதீன்.

வெப்பம் ஏற ஏற இதயத்துக்கு இரட்டை வேலை. தசைக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், வெப்பத்தைக் கொண்டுபோய்க் கொட்டத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். உச்சகட்டத்தில் தோலுக்கு மட்டுமே நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் போகலாம். வியர்வையால் மொத்த ரத்த அளவும் குறைந்துகொண்டு வருகிறது. அப்போது அசையாமல் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கி, மூளைக்குப் போதாமல் மயக்கம் வரும். 2023 ஜூன் மாதம் லண்டனில் இளவரசர் வில்லியம் பார்வையிட்ட அணிவகுப்பு ஒத்திகையில், கம்பளிச் சீருடையும் கரடித்தோல் தொப்பியும் போட்ட சிப்பாய்கள் 30 டிகிரி வெயிலில் விழுந்தது இப்படித்தான். கவசம் போட்டு நிற்பவர் கால்விரல்களையும் கெண்டைக்காலையும் அசைத்துக்கொண்டே இருப்பது பார்ப்பதற்குப் பதற்றமாகத் தெரிந்தாலும் அது புத்திசாலித்தனம்.

எத்தனை டிகிரிவரை போடலாம் என்று கேட்டால் தெர்மாமீட்டர் பதில் சொல்லாது. 1950களில் அமெரிக்காவின் பாரிஸ் ஐலண்ட் மரைன் படை முகாமில் பயிற்சி வீரர்கள் வெப்பத்தால் விழுந்ததையடுத்து உருவான ஓர் அளவுகோல் உண்டு: நனைத்த திரி சுற்றிய வெப்பமானி, கறுப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானி, சாதாரண வெப்பமானி, மூன்றையும் சேர்த்த எண். அதில் நனைத்த திரிக்கு 70 சதவீத மதிப்பு. தொழிலிட விதிகளில் உடைக்கேற்ப இதோடு கூட்டிக்கொள்ளவும் எண்கள் உள்ளன: இரட்டை அடுக்குத் துணிக்கு 3 டிகிரி, ஆவி புகாத முழு உடைக்கு 11 டிகிரி. கேம்பசனும் தகடும் சேர்ந்தது இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ, என் கணிப்பில் மேல்முனைக்கு அருகில்.

பழகியவர்கள் இதையெல்லாம் கணக்குப் போடுவதில்லை, செய்கிறார்கள். நிழல் கிடைத்தவுடன் முதலில் கையுறையும் தலைக்கவசமும் கழற்றப்படும். உள்ளங்கையில் நுண்குழாய்களைத் தாண்டி ரத்தத்தை நேரடியாகத் திருப்பிவிடும் சிறப்பு நாளங்கள் இருப்பதால், முன்கைவரை வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் உடம்பின் சூடு நன்றாக இறங்கும். தீயணைப்பு வீரர்களும் இதைச் செய்வார்கள். வெள்ளரிக்காய் ஊறுகாய் விற்பவரிடம் ஊறுகாய் ஊறிய உப்புத் தண்ணீரையும் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள்; வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து அது தனி ஆபத்து. பீர் மாலைக்கு.

உடம்பைப் பழக்கவும் முடியும். தினமும் வெயிலில் கொஞ்சம் உழைத்தால் பத்துப் பதினான்கு நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். 2001-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் கோரி ஸ்டிரிங்கர் பயிற்சி முகாமில் வெப்பத்தாக்கால் (ஹீட் ஸ்ட்ரோக்) இறந்தார். 2003-ல் கல்லூரி அணிகளுக்கு வந்த விதிப்படி முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், அடுத்து தோள்கவசம், ஐந்தாம் நாளில்தான் முழு உடுப்பு. ஏசி அறையிலிருந்து நேராக வந்து சனிக்கிழமை காலையில் முழுக்கவசம் போடும் ஆர்வலருக்கு அந்த விதி அப்படியே பொருந்தும்.

வெப்பத்தாக்கில் வியர்வை நின்றுபோகும் என்று பலர் நம்புகிறார்கள். உழைப்பால் வரும் வகையில் ஆள் பெரும்பாலும் சொட்டச்சொட்ட வியர்த்துக்கொண்டுதான் இருப்பார். பார்க்க வேண்டியது பேச்சை: குழறல், சம்பந்தமில்லாத கோபம், தள்ளாட்டம். கவசம் சட்டையோடு தோல்வாராலும் கயிற்று முடிச்சாலும் கட்டியிருக்கும், நனைந்த முடிச்சை அவிழ்க்க நேரமாகும். அதனால் கூட வருபவரின் இடுப்பில் கத்தி இருக்க வேண்டும். வாரையும் கயிற்றையும் அறுத்துவிட்டு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டியில் தலை மட்டும் வெளியே தெரியும்படி இறக்க வேண்டும். தொட்டி இல்லாவிட்டால் விழாக்கடையில் குளிர்பானம் மிதக்கும் பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து பாட்டில்களை எடுத்துவிட்டு, துணிகளை அந்தத் தண்ணீரில் நனைத்து நனைத்து உடம்பெங்கும் போட வேண்டும்.