மேலே எறிந்த பந்தும் தலையாட்டிய வகுப்பும்

கல்லூரியில் இயற்பியல் நடத்தத் தொடங்கிய காலத்தில், வகுப்பு தலையாட்டினால் பாடம் புரிந்துவிட்டது என்றே நம்பினேன். கரும்பலகை நிறைய எழுதிவிட்டுப் "புரிந்ததா?" என்பேன். "புரிந்தது சார்" என்று ஒரே குரலில் பதில் வரும். ஒரு நாள் வேறொன்று கேட்டேன்: நேராக மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், எவ்வளவு? பெரும்பாலோர் "பூஜ்ஜியம்" என்றார்கள். உச்சியிலும் அது புவியீர்ப்பு முடுக்கமான அதே 9.8தான்; அந்த எண்ணைத் தேர்வில் தவறாமல் எழுதுகிறவர்களும் பூஜ்ஜியம் என்றே சொன்னார்கள். அத்தனை நாளும் நான் நடத்தியது எங்கே போயிற்று என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரான எரிக் மசூருக்கும் இதே அதிர்ச்சிதான். 1991 முதல் அவர் விரிவுரையை இடையில் நிறுத்தி, ஒரு கேள்வி கொடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு மாணவர்களை வாதிட வைத்தார். இப்படி மாணவர்களை ஈடுபடுத்தும் முறைகளைப் பற்றிய 225 ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேரும், மாணவர்கள் ஈடுபட்ட வகுப்புகளில் 22 பேரும் தோற்றிருந்தார்கள். இடையில் இருக்கும் அந்தப் பன்னிரண்டு பேரை எனக்குத் தெரியும். அரியர் தாளோடு ஊருக்குத் திரும்பி, வேலைக்குப் போய்க்கொண்டே மறுதேர்வுக்குப் பணம் கட்டுகிறவர்கள். அவர்களைச் "சரியாகப் படிக்காதவர்கள்" என்று சொல்லிவிடுவது நமக்கு எளிது.

பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக பி.எட். வேண்டும். கல்லூரியில் உதவிப் பேராசிரியராக முதுகலையோடு நெட், செட் என்னும் தகுதித் தேர்வுகளில் ஒன்றில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ இருந்தால் போதும். நெட் முதல் தாளில் கற்பித்தல் பற்றிய கேள்விகள் உண்டு. சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். பணியில் சேர்ந்த பிறகு பயிற்சி வகுப்புகள் வரும். அதற்குள் எத்தனை வகுப்புகள் நம் கையைக் கடந்து போயிருக்கும்!

இப்போது ஒவ்வொரு பாடவேளையிலும் ஒரு கேள்வியாவது கேட்கிறேன். கொடுத்த விடைகளில் தேர்ந்தெடுத்ததன் எண்ணை விரலால், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் நெஞ்சோடு சேர்த்துக் காட்டச் சொல்வேன். பெரும்பாலும் சரி என்றால் மேலே நகர்வேன். ஒரு சிலரே சரி என்றால் குறை என் விளக்கத்தில்; திரும்ப நடத்துவேன். பாதிப் பேர் சரி என்றால் மூன்று நிமிடம் பேசவிடுவேன். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் வாய் திறப்பது அந்த மூன்று நிமிடங்களில்தான். இதற்கெல்லாம் நேரம் எடுத்தால் போர்ஷன் முடியாதே என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கவலை. புத்தகத்தைப் பார்த்தே படித்துக்கொள்ளக்கூடிய, சூத்திரம் எப்படி வருகிறது என்று காட்டும் தருவிப்புகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.

சென்ற பருவத்தில் அதே பந்துக் கேள்வி. கடைசி வரிசை மாணவி ஒருத்தி தோழியிடம் சொன்னாள்: "பந்துதான் நின்றது, இழுப்பு நிற்கவில்லை. அதுவும் நின்றிருந்தால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்குமே!" என் விளக்கம் எதுவும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. அடுத்த பிரிவுக்குப் போனதும் அவள் சொன்னதையே சொல்லி நடத்தினேன்.