குவான்டிடேட்டிவ் ஈ.ஈ.ஜி.: தமிழில் என்ன சொல்லலாம்?

ஈ.ஈ.ஜி. என்பதன் முழு வடிவம் எலெக்ட்ரோஎன்செபலோகிராம். மூன்று துண்டும் கிரேக்கம். எலெக்ட்ரோன் என்றால் அம்பர், தேய்த்தால் துரும்பை இழுக்கும் பிசின்கல், மின்சாரத்துக்கே அதிலிருந்துதான் பெயர் வந்தது. என்கெபலோஸ் தலைக்குள் இருப்பது, அதாவது மூளை. கிராம்மா எழுத்து. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பேர்கர் என்ற மனநல மருத்துவர் 1924 இல் மனித மூளையின் மின்னலையை முதலில் பதிந்து 1929 இல் வெளியிட்டார். மூளை மின்னலை வரைவு என்றால் தமிழில் பொருள் முழுதாக வந்துவிடும்.

சரி, குவான்டிடேட்டிவ்? உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்குப் பண்பறி பகுப்பு, அளவறி பகுப்பு இரண்டும் நினைவிருக்கும், என்ன இருக்கிறது என்று பார்ப்பது ஒன்று, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது மற்றது. அந்த 'அளவறி' இங்கேயும் அப்படியே பொருந்தும். சாதாரண ஈ.ஈ.ஜி.யை வைத்தியர் கண்ணால் வாசிப்பார். அளவறி முறையில் அதே பதிவைக் கணினி பூரியே உருமாற்றம் என்ற கணித வழியால் வேகவாரியாகப் பிரித்து, எந்த வேகத்தில் எவ்வளவு வலு என்று இலக்கமாகத் தரும். செக்கனுக்கு 4 அலைக்குக் குறைந்தால் டெல்டா, 4 முதல் 8 தீட்டா, 8 முதல் 13 அல்பா, அதற்கு மேல் 30 வரை பீட்டா.

கண்ணை மூடி விழித்திருப்பவரின் பின்தலையில் அல்பா பொதுவாக 10 அளவில் ஓடும். மறதி நோய்களில் ஒன்றான அல்சைமரில் தீட்டா கூடி, அல்பாவும் பீட்டாவும் குறையும், நோய் முற்றினால் டெல்டாவும் ஏறும். இன்னொரு மறதி நோயான லூயி உடல் டிமென்சியாவில் பின்தலை அலை மந்தமாவதை 2017 இன் நோயறி வரையறைகள் துணைச் சான்றாக ஏற்றிருக்கின்றன. ஆனால் அலை மந்தமாக இருப்பதை மட்டும் வைத்து இன்ன நோய் என்று சொல்லிவிட முடியாது, தூக்கக் கலக்கம், சில மருந்துகள், தொற்றால் வரும் திடீர்க் குழப்பம், தைரொயிட் குறைவு, பி12 குறைவு எல்லாமே அலையை மந்தமாக்கக்கூடியவை.

டிமென்சியா லத்தீன் சொல், மனம் அகன்ற நிலை. மறதி நோய் என்று எழுதுகிறோம், பழகிவிட்டது, ஆனாலும் எனக்கு அது போதாது. பேச்சு, வழி கண்டுபிடிப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாமே குலையும் நோய் இது. அறிதிறன் இழப்பு என்பதே சரியான சொல் என்று நினைக்கிறேன். முதுமை மறதி என்பதைக் கைவிடலாம், 65 வயதுக்கு முன்பும் வருகிறது.

இங்கே திருகோணமலையில் வீட்டில் ஒரு பெரியவர் சொன்னதையே திரும்பச் சொன்னால் "அறளை பேந்திட்டுது" என்று விட்டுவிடுகிறோம். வயது போனால் அப்படித்தான் என்ற முடிவு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, அதனால்தான் எனக்கு அதில் கோபம். தைரொயிட்டும் பி12 உம் இரத்தப் பரிசோதனையில் பிடிபடும், மருந்தும் உண்டு. முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம் ஈ.ஈ.ஜி. எழுதித் தந்தால், குடிக்கிற மருந்தெல்லாவற்றையும் வைத்தியரிடம் காட்டுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். தலை முழுகி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள், எண்ணெய் இருந்தால் அலையைப் பதியத் தலையில் வைக்கும் மின்வாய்கள் ஒட்டாது.