மகுடக் கண்ணி அலைவு

சூரியனில் நடக்கும் ‘கொரோனல் லூப் ஆசிலேஷன்’ என்பதைப் பெரும்பாலும் ‘கொரோனா வளைய அதிர்வு’ என்று எழுதிவிடுகிறோம். எனக்கு மூன்று சொல்லுமே உறுத்துகிறது.

கொரோனா லத்தீன் சொல். தலையில் சூடும் மாலை, அப்புறம் மகுடம் என்று பொருள். முழுச் சூரிய கிரகணத்தில் கருநிலாவைச் சுற்றி வெண்மையாகத் தெரியும் சூரியனின் வெளி வளிமண்டலம் அது. சிலர் ‘ஒளிவட்டம்’ என்கிறார்கள். ஆனால் நம் டெல்டாவில் ‘கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை’ என்று வானம் பார்க்கிற வட்டம் வேறு. அது நம் மேகத்தில் உண்டாவது. சூரியனுக்கு உரியதை மகுடம் என்பதே தெளிவு.

லூப் முழு வளையமும் அல்ல. பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயு), காந்தப்புலத்தின் வழியே வில்லாக எழும்பி, இரண்டு காலையும் சூரியப் பரப்பில் ஊன்றி நிற்கிறது. இதற்குக் கண்ணி என்ற சொல் அழகாகப் பொருந்தும். வலையில் கண்ணி, சுருக்கில் கண்ணி, ‘ரெண்டு கண்ணி பூ வெச்சுக்கோ’ என்று பாட்டி தருவதும் கண்ணி. சங்கப் பாடல்களில் தலையில் சூடும் மாலைக்கும் இதுவே பெயர். காவிரி நாட்டுச் சோழன் சூடியது ஆத்திக் கண்ணி. கொரோனாவின் மூலப் பொருளும் அதுதானே!

அடுத்தது ஆசிலேஷன். அதிர்வு என்றால் தவில் தோல் போல வெடவெடப்பது. இந்தக் கண்ணி அப்படி அல்ல. 1998 ஜூலை 14 அன்று, பக்கத்தில் ஒரு சூரியத் தீப்பிழம்பு வெடித்ததும் கண்ணிகள் பக்கவாட்டில் ஆடுவதை டிரேஸ் செயற்கைக்கோள் படம்பிடித்தது. ஒருமுறை போய்வர நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகம். சில ஆட்டத்தில் அடங்கிவிட்டது. தொட்டில் ஆடி ஓய்கிற மாதிரி. பள்ளி இயற்பியலில் ஏற்கெனவே இருக்கும் ‘அலைவு’தான் இதற்குச் சரியான சொல்.

தஞ்சாவூர் வீணையில் தந்தியின் நீளமும் எடையும் தெரிந்தால், சுருதியை வைத்து எவ்வளவு முறுக்கியிருக்கிறது என்று கணக்கிடலாம். கண்ணியிலும் அதே வழிதான். நீளம் சுமார் 1,30,000 கிலோமீட்டர், அலைவு நேரம் 256 நொடி. அந்த நேரத்தில் அலை கண்ணியின் நீளத்தை ஒருமுறை போய்த் திரும்புகிறது. அப்படியானால் அது நொடிக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது. நேரடியாக அளக்க மிகக் கடினமான மகுடத்தின் காந்தப்புலத்தை, இந்த வேகத்தையும் பிளாஸ்மாவின் அடர்த்தியையும் கொண்டு 2001இல் மதிப்பிட்டார்கள்: 13 காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). அதில் 9 காஸ் வரை கூடவோ குறையவோ இருக்கலாம்.