கேஜ் காட்டும் எண்ணும் ரெகுலேட்டர் காக்கும் எண்ணும்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் டர்போ போட்ட ஒரு சிட்டி கோல்ஃப் காரின் பானட்டைத் திறந்து, ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, பெட்ரோல் அழுத்தத்தைப் பார்க்கிறீர்கள். கேஜ் 2.35 பார் காட்டுகிறது. அதே காரை என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் வழியாக ஏற்றிக்கொண்டு போய், ஜோஹன்னஸ்பர்க் லெனேஷியாவில் பெரியப்பா வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தால் 2.5 பார். "ரெகுலேட்டர் போச்சு அண்ணா" என்று தம்பிமார் ஸ்பானரை எடுத்துவிடுவார்கள். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அந்த ரெகுலேட்டருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அது ஒழுங்காக வேலை செய்வதால்தான் எண் மாறுகிறது.

ரெகுலேட்டருக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. ஒரு பக்கம் பெட்ரோல் அதைத் தள்ளும். மறுபக்கம் ஸ்பிரிங்கும், மெல்லிய ஹோஸ் வழியாக மேனிஃபோல்டிலிருந்து (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) வரும் காற்றும் எதிர்த்துத் தள்ளும். பெட்ரோலின் கை ஓங்கினால் வால்வு திறந்து, மிச்சம் டேங்குக்குத் திரும்பிவிடும். ஸ்பிரிங் 3 பாருக்கு வைக்கப்பட்டிருந்தால், பெட்ரோலுக்கும் மேனிஃபோல்டு காற்றுக்கும் இடையே எப்போதும் 3 பார் வித்தியாசம் இருக்கும். இன்ஜெக்டர் மேனிஃபோல்டுக்குள்தான் பெட்ரோலைத் தெளிக்கிறது. அதனால் அதற்கு வேண்டியது இந்த வித்தியாசம்தான். இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர், வித்தியாசம் மாறாது என்று நம்பித்தான் போடுகிறது.

சரி, எண் ஏன் மாறியது? கேஜ் வெளிக்காற்றை வைத்து அளக்கிறது. டர்பன் கடலோரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோஹன்னஸ்பர்கில் சுமார் 83. ஐட்லிங்கில் மேனிஃபோல்டுக்குள் இரண்டு ஊரிலும் 35 என்று வையுங்கள். டர்பனில் அது வெளிக்காற்றைவிட 66 குறைவு, அதாவது 0.66 பார். 3-இல் அதைக் கழித்தால் கிட்டத்தட்ட 2.35. ஜோஹன்னஸ்பர்கில் 48தான் குறைவு, அதனால் 2.5. இன்ஜெக்டருக்கு இரண்டு ஊரிலும் அதே 3 பார். மேட்டில் காற்று குறைவதற்கு ஏற்ப பெட்ரோலைக் குறைப்பது கம்ப்யூட்டரின் பொறுப்பு. அதற்காக ரெகுலேட்டரைத் திருகக் கூடாது.

ரெகுலேட்டர் வாங்கும்போது முதலில் பெட்ரோல் பம்பைப் பாருங்கள். ஐட்லிங்கில் பம்ப் தள்ளும் பெட்ரோலில் பெரும்பகுதி ரெகுலேட்டர் வழியாகவே திரும்ப வேண்டும். பெரிய பம்பைப் போட்டுவிட்டுப் பழைய சின்ன ரெகுலேட்டரையும் ஒடுங்கிய ரிட்டர்ன் ஹோஸையும் அப்படியே விட்டால், ரெகுலேட்டரின் திருகை முழுக்கத் தளர்த்தினாலும் அழுத்தம் இறங்காது. டர்போ காரில் இன்னொன்றும் உண்டு: டர்போ 1 பார் கூடுதல் அழுத்தத்தில் (பூஸ்ட்) காற்றைத் திணிக்கும்போது கேஜ் 4 பாருக்கு ஏற வேண்டும், அந்த அழுத்தத்திலும் பம்ப் போதிய பெட்ரோலைத் தர வேண்டும். இன்ஜெக்டர் இல்லாத கார்பரேட்டர் வண்டிக்கு இந்த ரெகுலேட்டர் ஆகவே ஆகாது, அதற்கு 0.2 முதல் 0.35 பார் வரை போதும்.

அழுத்தத்தைச் சரியாக வைக்கும் முறை எளிது. இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, மெல்லிய ஹோஸை ரெகுலேட்டரிலிருந்து கழற்றி ஹோஸின் வாயை அடைத்துவிடுங்கள். கேஜ் 3 பார் காட்டும் வரை திருகி, லாக் நட்டை இறுக்குங்கள். ஹோஸை மாட்டியதும் எண் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஹோஸ் அடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெரிய இன்ஜெக்டர் வாங்குவதற்குப் பதிலாக அழுத்தத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பெட்ரோலின் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3-ஐ 4 ஆக்கினால் ஓட்டம் 15 சதவீதம்தான் கூடும். பம்போ கூடுதலாகத் திணறும், அதன் வரத்தும் குறையும். எனக்கு இது நல்ல பேரமாகத் தெரியவில்லை.

அப்புறம், கழற்றிய ஹோஸை முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரமோ வாடையோ இருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. பெட்ரோல் நேராக மேனிஃபோல்டுக்குள் போகிறது, சைலன்சரில் கறுப்புப் புகை வரும். அப்படிப்பட்ட ரெகுலேட்டரை ட்யூன் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.