மீதி நேரம் ஏன் தாவுகிறது?

அம்பாசமுத்திரத்தில் கணினி மையம் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கோப்பு இறங்கத் தொடங்கும்போது மீதி 4 நிமிடம் என்று காட்டுகிறது. சற்று நேரத்தில் 20 நிமிடம் என்கிறது. காத்திருக்கும் பிள்ளைகள் நிறுத்திவிட்டு முதலிலிருந்து போடச் சொல்கிறார்கள். போடலாமா?”

மீதி நேரம் ஒரு வகுத்தல் கணக்கு. கோப்பின் மொத்த அளவை அனுப்பும் கணினி பெரும்பாலும் முன்பே அறிவித்துவிடும். அதில் வந்து சேர்ந்ததைக் கழித்து, எஞ்சியதை அண்மை வேகத்தால் உலாவி வகுக்கிறது. வேகம் மாறினால் விடையும் மாறும்.

வேகம் மாறும் விதம்தான் அழகு. கோப்பு, பெரும்பாலும் 1,460 பைட் அளவுள்ள துண்டுகளாக வருகிறது. வழியில் எவ்வளவு இடம் இருக்கிறதென்று அனுப்பும் கணினிக்கு எவரும் சொல்வதில்லை. அனுப்பிப் பார்த்துத்தான் அது தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் பொதுவாக 10 துண்டுகளை அனுப்புகிறது. ‘இந்த பைட் வரை வந்துவிட்டது’ என்ற ஒப்புகை திரும்பினால் ஒரு சுற்று முடிந்தது; அடுத்து 20, பிறகு 40, 80 என்று ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கி, ஐந்தே சுற்றுகளில் 320 துண்டுகளை எட்டிவிடுகிறது. துண்டுகளை வழிகாட்டி அனுப்பும் ஏதோ ஒரு ரூட்டரின் வரிசை நிரம்பி ஒரு துண்டு கைவிடப்பட்டதும், அதற்குப் பின்னுள்ள துண்டுகள் வந்து சேர்ந்தாலும் நம் கணினி அதே பழைய பைட் எண்ணையே மீண்டும் மீண்டும் ஒப்புகையாகச் சொல்கிறது. அப்படி மூன்று முறை கேட்டதுமே துண்டு தொலைந்ததை அனுப்புநர் ஊகித்து, அதை மறுபடி அனுப்பி, ஒரு சுற்றில் அனுப்பும் அளவையும் பாதியாகக் குறைத்து, பின்னர் சுற்றுக்கு ஒரு துண்டாக மெல்ல ஏறுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் வழக்கமாக உள்ள கியூபிக் என்ற முறை பாதி வரை இறங்காமல் 70 விழுக்காட்டில் நின்றுகொள்ளும்.

இந்த அடக்கம் இல்லாத காலமும் இருந்தது. 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜத் தொலைவில், நொடிக்கு 32,000 பிட் சென்ற இடத்தில் 40 பிட்தான் சென்றது. நெரிசலில் தாமதமானவற்றைத் தொலைந்தவை என்று கருதி எல்லோரும் திரும்பத் திரும்ப அனுப்பியதே நெரிசலைப் பெருக்கியது. வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கரெல்ஸும் 1988-இல் வெளியிட்ட தீர்வே மேலே சொன்ன முறைக்கு அடிப்படை. அரசுப் பணத்தில் நடந்த, பார்வைக்குக் கவர்ச்சியற்ற அளவீட்டு ஆய்வு அது. நம் பல்கலைக்கழகங்களில் இத்தகைய வேலைக்கு நிதி கேட்பவரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பது என் குறை. (ஆயுத பூஜையன்று மோடத்துக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நெரிசலுக்குக் கண்ணேறு கழிப்பதில்தான் ஆட்சேபம்.)

இனி வாசகரின் கேள்வி. ஒரே இணைப்பைப் பல கணினிகள் பங்கிடும் மையத்தில், பக்கத்துக் கணினி விண்டோஸ் புதுப்பிப்பை இறக்கத் தொடங்கினாலே உங்கள் துண்டுகள் சில தொலைந்து வேகம் சரியும். அந்தந்தக் கணினியில் விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டர் என்ற கருவியைத் திறந்து நெட்வொர்க் பகுதியைப் பார்த்தால், எந்த நிரல் நொடிக்கு எத்தனை பைட் வாங்குகிறது என்பது தெரியும். வேகம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். நிறுத்திப் புதிதாகத் தொடங்கினால் மறுபடியும் 10 துண்டிலிருந்துதான் ஏற வேண்டும், வந்த பைட்டுகளும் வீண். வெகுநேரம் பூஜ்யத்திலேயே நின்றால் மட்டும் இடைநிறுத்தித் தொடருங்கள். அனுப்பும் கணினி அதற்கு இடம் தந்தால், விட்ட பைட்டிலிருந்தே மீதி வரும்.