மூச்சை மோந்த பிறகே கண் திறக்கும் கொசு

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். இடுப்பில் கொசுவத்திச் சுருள் புகைந்துகொண்டே இருந்தும் கடி தப்பவில்லை. கூட வேலை செய்பவர்களைவிட அவரைத்தான் அதிகம் கடிக்கிறதாம். என் ரத்தம் இனிப்பு என்கிறார். உண்மையா?"

ரத்தத்தின் ருசி ஊசியை இறக்கிய பிறகு தெரிகிற சங்கதி. ஆளைத் தேர்வது அதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. முட்டைக்குப் புரதம் தேடும் பெண் கொசு மட்டுமே கடிக்கும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அவள் நம்மை எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்பதைப் பார்ப்போம்.

நாம் இழுக்கும் காற்றில் கரியமிலவாயு சுமார் 0.04 சதவீதம். விடும் மூச்சிலோ 4 சதவீதம், நூறு மடங்கு! இந்த மூச்சு குழாய்த் தண்ணீர்போல் சீராக ஓடுவதில்லை. ஊதுவத்திப் புகையைக் கவனியுங்கள்: கொஞ்சம் நேராக எழும்பி, பிறகு இழை இழையாகப் பிய்ந்து அலையும். மூச்சும் அப்படித்தான் மரங்களுக்கிடையே மிதக்கிறது. கொசுவின் வாயருகே இருக்கும் ஒரு ஜோடி உணரிகளில் ஓர் இழை பட்டால் போதும், அவள் எதிர்காற்றில் பாய்வாள். இழை அறுந்துவிட்டதா? இடமும் வலமுமாக அலைந்து அடுத்ததைப் பிடிப்பாள்.

வேடிக்கை இனிமேல்தான். 2022-இல் வெளியான ஆய்வொன்றில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், காற்றுச் சுரங்கம் எனப்படும் காற்று வீசும் சோதனைக்கூண்டில், டெங்கு பரப்பும் ஏடிஸ் எகிப்தி கொசுக்களைப் பறக்கவிட்டு வண்ண வட்டங்களைக் காட்டினார்கள். வெறும் காற்று வீசியவரை கொசுக்கள் எந்த வட்டத்தையும் சட்டை செய்யவில்லை. கரியமிலவாயு கலந்ததும் சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு வட்டங்களை மொய்த்தன. பச்சை, ஊதா, வெள்ளையை அப்போதும் சீந்தவில்லை. மோப்பம் உத்தரவு கொடுத்த பிறகே கண் வேலைக்கு வருகிறது! நம் தோல் கறுப்போ மாநிறமோ வெளுப்போ, அதிலிருந்து வரும் ஒளியில் சிவப்பு, ஆரஞ்சுப் பக்கமே ஓங்கியிருக்கும். நிறபேதம் பார்க்காத ஜீவன்.

கிட்டே வந்ததும் உடற்சூடு, ஈரம், தோல்வாடை. தோல்வாடையில் சேரும் கார்பாக்சிலிக் அமிலங்கள் மிகுந்தவர்களைக் கொசு கூடுதலாக நாடுகிறது. அந்த ஈர்ப்பு ஆண்டுக்கணக்கில் மாறுவதுமில்லை என்று ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கண்டிருக்கிறார்கள். ஆக, அப்பா சொல்வது பாதி சரி. ஆள் பார்த்துத்தான் கடிக்கிறது, ஆனால் ரத்தம் பார்த்து அல்ல.

மரத்துக்கு மரம் நடந்து வேலை செய்பவர் மூச்சைக் குறைக்க முடியாது. சுருள் புகையோ காற்று போகிற பக்கம்தான் போகும், மீதி அவர் நுரையீரலுக்கு. வெளிர்நிறத்தில் தொளதொளவென்ற முழுக்கைச் சட்டை நல்லது. இறுக்கமான துணியை ஊசி துளைத்துவிடும். துணி மூடாத இடத்துக்கு டீட் போன்ற விரட்டி. 1944-இல் அமெரிக்க வேளாண் துறை கண்டுபிடித்தது அது. டீட் பூசிய தோலில் உட்கார்ந்த ஏடிஸ், காலாலேயே ருசி பார்த்துவிட்டு ஓடுகிறது. அதனால் காதுமடல், கணுக்கால் விடாமல் தடவ வேண்டும். வியர்வையில் கரைந்தால் மறுபடியும்.

டீட்டுக்கான மூலப்பொருள் இங்கே கிடைக்காததால், குவாலியரிலுள்ள ராணுவ ஆய்வகம் 'டெப்பா' என்ற மாற்றை உருவாக்கியது. இப்படிப்பட்ட ஆய்வகங்களுக்குப் பணம் ஒதுக்கக் கணக்குப் பார்க்கிறோம். நம் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும், கொசுவிடம் பலிக்காத மீயொலிக் கருவிகளைக் காசு கொடுத்து வாங்குகிறோம். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு.

இன்னொன்று, அப்பாவிடம் தவறாமல் சொல்லுங்கள். மழைக்கு வெட்டு நிற்கும் நாட்களில் மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கட்டும். ரப்பர் தோட்டத்தில் பகலில் கடிக்கும் இன்னொரு ஏடிஸ் இனமான ஏடிஸ் அல்போபிக்டஸ், சிரட்டையில் தேங்கும் அந்த ஒரு கை தண்ணீரில்தான் பிறக்கிறது. பிறந்த இடத்தைவிட்டு அது அதிக தூரம் போவதில்லை. அவரைக் கடிக்கிற கொசு பெரும்பாலும் அவர் வெட்டுகிற மரத்திலேயே பிறந்ததுதான்.